குணம் வளர்வதற்கும் ஓர் எல்லை

விளையாட்டு என்றவுடன் பந்தும் மட்டையும் மைதானமுமே பெரும்பாலார் நினைவிற்கு வருவன. மேசையைச் சூழ்ந்திருந்து கதையொன்றைத் தாமே நடத்திச் செல்லும் விளையாட்டும் உலகில் உண்டு. அதனைப் பாத்திர விளையாட்டு என்போம். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரைத் தமதாக்கிக்கொள்வர். நடுவராக அமர்பவர் சூழ்நிலையை எடுத்துரைப்பார். தம் பாத்திரம் செய்வது யாதென ஆடுவோர் கூறுவர். ஐயத்திற்கிடமான செயலின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் வலிமை, அறிவு, பண்பு என்பன எண்களாக ஒரு தாளிற் குறிக்கப்பட்டிருக்கும்.

அவ்வெண்கள் எவ்வளவு வளரலாம், எவ்வாறு வளரலாம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். தடையின்றி வளரவிட்டால் நேர்வது யாது? சில மாதங்களில் எல்லாரும் எல்லாவற்றிலும் உச்சத்தை எட்டிவிடுவர். அஞ்சத்தக்க பகை இராது. ஒருவர்க்கும் மற்றவர்க்கும் வேற்றுமை இராது. கதையும் அங்கே முடிந்துவிடும். ஆதலால் விதி வகுத்தோர் வளர்ச்சிக்கு வரம்பிட்டனர். அவ்வரம்பு இரு வகைப்படும்.

ஒன்று மதில் போன்றது. 1974 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் டிறாகன்ஸ் இவ்வகை விளையாட்டுக்களின் முன்னோடியாகும். அதன் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பிலே, பெரும்பாலான பாத்திரங்கள் 4, 8, 12, 16, 19 ஆகிய படிகளை அடையுந்தோறும் 2 புள்ளிகளைத் தம் ஆற்றல்களிற் சேர்த்துக்கொள்ளலாம். ஆயினும் இவ்வழியால் எந்த ஆற்றலையும் 20 இற்கு மேல் உயர்த்தலாகாது. அதுவரை பாதை திறந்திருக்கும், அப்பால் அடைத்திருக்கும்.

மற்றையது மலையேற்றம் போன்றது. கிறெக் ஸ்ரபோட் (1948–2018) ஆக்கி, 1985 இல் வெளிவந்த பென்டிறாகன் இதற்குத் தக்க சான்று. ஆதர் மன்னனின் அவைக்களத்து வீரர்களைப் பற்றியது இவ்விளையாட்டு. இதிலே உடல் வலிமையோடு மனக்குணங்களும் எண்பெறுகின்றன. வீரமும் கோழைமையும், ஈகையும் தன்னலமும், இரக்கமும் கொடுமையும், அடக்கமும் செருக்கும் என 13 இணைகள் உண்டு. பொதுவாக ஓர் இணையின் கூட்டுத்தொகை 20 ஆகும். ஈகை 12 ஆயின் தன்னலம் 8. ஈகை ஒன்று ஏறினால் தன்னலம் ஒன்று இறங்கும்.

குணம் வளரும் முறை நம் கருத்தைக் கவர்வது. குறிப்பிடத்தக்க ஈகைச் செயலொன்றை வீரன் செய்தால், நடுவர் அக்குணத்தின் எதிரே அடையாளமிடச் செய்வார். ஓராண்டில் எத்தனை முறை ஈந்தாலும் அடையாளம் ஒன்றே. கதையில் ஆண்டிறுதிக் குளிர்காலம் வந்ததும், இருபது முகங்கொண்ட பகடையை உருட்டுவர். விழும் எண் இப்போதுள்ள எண்ணிலும் மிகுந்தால் மட்டுமே குணம் ஒன்று உயரும். ஈகை 10 ஆயின் இருபதிற் பத்து வாய்ப்பு. 15 ஆயின் ஐந்து. 18 ஆயின் இரண்டே. மேலே செல்லச் செல்ல ஏற்றம் செங்குத்தாகின்றது. செயலின்றி அடையாளமில்லை, அடையாளமிருந்தும் உயர்வு உறுதியில்லை.

உயர்ந்தபின்னும் ஓர் அரிய விதி காத்திருக்கின்றது. 16 உம் அதற்கு மேலும் ஏறிய குணம், ஆடுவோரின் விருப்பத்திற்கு முழுதும் அடங்கி நிற்பதன்று. தன் ஒரே குதிரையை ஒருவன் வேண்டிநிற்கையில், ஈகை 17 உடைய வீரனை நடுவர் பகடை உருட்டப் பணிக்கலாம். விழும் எண் 17 அல்லது அதனிற் குறைந்ததாயின், ஆடுபவர் விரும்பினும் விரும்பாவிடினும் குதிரையைக் கொடுத்தே தீரவேண்டும். ஆகவே, எண்ணை ஏற்ற விழைவோர் அதன் விலையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இவ்விதிகளில் நாம் உடன்படாத இடமும் உண்டு. பத்தியும் உலகியலும் இங்கே எதிரெதிர்த் தட்டுக்களில் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று உயர மற்றது தாழும். இல்லறத்தில் நின்றே இறைவனை நாடுதலைக் கண்ட நமக்கு இப்பகுப்பு முற்றும் பொருந்துவதன்று. மனித மனத்தை 13 தராசுகளில் அடக்கிவிட இயலாது. எனினும், விளையாட்டு விதி என்ற அளவில் இது ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. மதில் போன்ற வரம்பு, எவ்வளவு பெறலாம் என்று மட்டுமே சொல்கின்றது. மலை போன்ற வரம்போ, பெறுதற்கு என்ன செய்தாய், பெற்றதற்காக எதை இழக்க ஆயத்தமாயிருக்கின்றாய் என்று கேட்கின்றது.

பென்டிறாகனில் வீரன் 35 வயதை எய்தியபின், அவனது உடலாற்றல்கள் ஆண்டுதோறும் தேயக்கூடும். அம்மூப்பு விதி குணங்களைத் தீண்டுவதில்லை. நரை கண்ட வீரன் வாளைத் தூக்க இயலாதவனாகலாம். ஆனால் அவன் ஈட்டிய வாய்மையும் இரக்கமும் தாளில் அவ்வாறே நிற்கும். பரீட்சைப் புள்ளிகளை எண்ணும் இளமாணவரும், கல்லூரியை விட்டகன்று பல்லாண்டு கழிந்த நம் பழைய மாணவரும் இவ்விதியைச் சிறிது சிந்திப்பாராக.