உருகும் பிளாஸ்டிக்கும் மீறும் அழுத்தமும்

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்குச் சென்ற அன்பர்கள் அவ்வட்டாரத்தின் மாந்தோப்புகளைக் கண்டிருப்பார்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பெரிதும் நம்பி வாழும் பகுதி அது. அந்நீரைச் சிக்கனமாகச் செலவிடும் பொருட்டு, 2003ஆம் ஆண்டில் ஆந்திர அரசு நுண்ணீர்ப் பாசனத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மரத்தடிதோறும் ஓடும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாயும், கிணற்றிலிருந்து நீரைக் கொணரும் பி.வி.சி. குழாயும் ஒரே வகை இயந்திரத்திற் பிறந்தவை. அவ்வியந்திரத்தில் மறைந்துள்ள ஓர் அபாயத்தையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் இங்கே ஆராய்வோம்.

நம் இல்லங்களில் முறுக்குப் பிழியும் நாழியை நினைவிற் கொள்வோம். மாவு இறுகிவிட்டாலோ, அச்சின் துளை அடைபட்டாலோ கை வலிக்கும், உடனே நிறுத்திவிடுவோம். எக்ஸ்ட்ரூடர் எனப்படும் குழாய் இயந்திரமும் ஒரு நாழியே. ஆனால் அதற்குக் கை வலிப்பதில்லை. வழி அடைபட்டதை அறியாமல் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். அபாயத்தின் வேர் இந்த வேற்றுமையில்தான் இருக்கிறது.

பிளாஸ்டிக் மணிகள் கனத்த எஃகு உருளைக்குள் விழுகின்றன. உள்ளே சுழலும் திருகு அவற்றை முன்னே தள்ளுகிறது. சுற்றிலுமுள்ள ஹீட்டர்களின் சூட்டாலும் உராய்வாலும் அவை உருகிக் கூழாகின்றன. அக்கூழ் கம்பி வலைகளில் வடிகட்டப்பட்டு, டை என்னும் அச்சின் வழியே குழாயாக வெளிவருகிறது. சமையலறைப் பிரஷர் குக்கரில் ஏறும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. இவ்வுருளையினுள்ளோ 100 முதல் 350 கிலோ வரை இருப்பது சாதாரணம். அதற்கும் மேலே சென்றால், டையைப் பிணைத்துள்ள போல்ட்டுகள் அறுந்து, கொதிக்கும் கூழும் இரும்புத் துண்டுகளும் சீறிப் பாயக்கூடும்.

அழுத்தம் மீறுவதற்குக் காரணங்கள் சில உண்டு. முதலாவது அவசரம். இரவில் நிறுத்திய இயந்திரத்தின் டையில் பிளாஸ்டிக் கட்டியாக உறைந்திருக்கும். உருளை சூடேறிவிட்டது என்று எண்ணி, டை சூடேறுமுன் திருகைச் சுழற்றினால் கூழுக்கு வெளிவழி இராது. இரண்டாவது, அழுக்கேறிய வடிகட்டி வலை. மூன்றாவது, பழுதுற்ற ஹீட்டர். ஓரிடம் குளிர்ந்திருந்தாலே பாதை அடைபடும். நான்காவது, மிகையான சூடு. பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் காரமான வாயு பிரியும். உருகிய கூழை அழுத்தினால் அது அதிகம் சுருங்குவதில்லை. வாயுவோ வில்லைப் போல வலிமையைச் சேமித்து வைத்து, வழி கிடைத்த கணமே பாய்ந்து வெளிப்படும். ஆகையால், பி.வி.சி.யை உருளைக்குள் சூட்டில் தேங்கவிடாமல், வேறு தகுந்த பொருளைச் செலுத்தி வெளியேற்றிய பின்னரே இயந்திரத்தை நிறுத்துவது முறை.

காவல்களும் உள்ளன. வலைக்கு முன்னே பொருத்திய அழுத்தமானி, குறித்த அளவு எட்டியதும் மணியடிக்கும். மேலும் ஏறினால் மோட்டாரைத் தானே நிறுத்தும்படி அதனை இணைக்கலாம். இறுதிக் காவல், உருளையின் சுவரிற் பொருத்திய ஒரு மெல்லிய உலோகத் தகடு. அழுத்தம் வரம்பு மீறினால் தான் உடைந்து கூழுக்கு வழிவிடும். குக்கரின் பாதுகாப்பு வால்வு செய்யும் வேலையே இது. ஒரு முறை உடைந்தால் அதே அளவுள்ள புதுத் தகட்டையே பொருத்த வேண்டும். ‘அடிக்கடி உடைகிறதே’ என்று அத்துளையைத் திடமான போல்ட்டால் அடைப்பவர், காவற்காரனை வெளியேற்றிக் கதவைப் பூட்டியவர் ஆவார். தகடு உடைவது குற்றமன்று. உள்ளே கோளாறு இருப்பதை அறிவிக்கும் செய்தி அது.

அழுத்தத்தில் இயங்கும் எந்த இயந்திரமும் தன் பாதுகாப்பான அளவை மீறாதவாறு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 31ஆம் பிரிவில் விதித்தது. எனினும் சட்டத்தின் எழுத்து, இயந்திரத்தின் முன் நிற்பவரின் பழக்கமாக மாறினால்தான் பயன் தரும்.

பிற மாநிலங்களில் இத்தொழிலில் ஈடுபட்டுள்ள நம்மவருக்கு இன்னொரு தடையும் உண்டு. எச்சரிக்கைப் பலகை தெலுங்கிலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோ இருக்கும். அதன் பொருளை மேற்பார்வையாளரிடம் கேட்டறிவதில் நாணம் வேண்டியதில்லை. டை உட்பட எல்லாப் பகுதிகளும் உரிய சூட்டை எட்டி, அச்சூடு உள்வரை ஊறும் அளவு நேரம் காத்திருப்போம். திருகை மிக மெதுவாகத் தொடங்கி, அழுத்தமானியின் மீது கண் வைப்போம். தொடங்கும் வேளையில் டைக்கு நேரெதிரே நில்லாமல் பக்கவாட்டில் நிற்போம். அழுத்தம் முற்றிலும் தணியுமுன் எந்தப் போல்ட்டையும் தளர்த்தோம். இவ்வாறு காத்திருப்பதால் உற்பத்தியில் சிறிது நேரம் குறையலாம். இழந்த கண்ணையோ உயிரையோ எந்த உற்பத்தியும் ஈடு செய்யாது.