இராக்கால மிதிவண்டி விளக்கு

இரவில் மிதிவண்டி ஏறிச் செல்வார் பலர்; அதற்கேற்ற விளக்கு இன்னதெனத் தேர்ந்து கொள்வார் மிகச் சிலர். யாமும் அண்மைக்காலம் வரை அப்பலருள் அடங்கியிருந்தோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம்.

கல்லூரி நூல்நிலையம் மூடிய பின்னர், 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எம் ஊருக்கு மூவரும் ஒருங்கே திரும்புவது வழக்கம். நகரெல்லை கடந்தால் தெருவிளக்கு இல்லை. இருபுறமும் வயலும் வாய்க்காலுமே. சென்ற ஐப்பசியில் எம்முள் ஒருவர், 1000 லூமென் எனப் பெட்டியின்மேல் பொறித்த விளக்கொன்றை வாங்கி வந்தார். அன்றிரவு சாலை பகல்போல் விளங்கியது. யாமும் பெருமிதங் கொண்டோம். எதிரே, பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய முதியவர் ஒருவர் தம் வண்டியில் வந்தார். எம் ஒளி கண்ணிற் பட்டதும் கையால் முகத்தை மறைத்தார். மறுகணம் வண்டியோடு வாய்க்காலிற் சாய்ந்தார். ஓடித் தூக்கி நிறுத்தினோம். முழங்கையிற் குருதி கசிந்தது. அவர் எம்மை வையவில்லை; "ஒன்றுமே தெரியவில்லை, தம்பி" என்று மட்டும் இருமுறை கூறினார். விளக்கைப் பற்றி யாம் ஆராயத் தலைப்பட்டது அதன் பின்னரே.

லூமென் என்பது விளக்கினின்று வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. அவ்வொளி எங்கே விழுகின்றது என்பதை அஃது உணர்த்தாது. அதனை உணர்த்துவது லக்ஸ். ஒரு சதுரமீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழின் அது ஒரு லக்ஸாகும். குடத்து நீரை முற்றத்தில் வீசுதலும் பாத்தியிற் பாய்ச்சுதலும் ஒன்றாமோ? கைவிளக்குப்போல வட்டமாக ஒளி வீசும் விளக்கு, தன் ஒளியிற் பெரும்பகுதியை மரக்கிளைகட்கும் எதிர்வருவார் கண்கட்கும் ஈந்துவிடுகின்றது. நல்ல விளக்கிலோ, ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் அரிந்தாற்போல நின்று, கீழுள்ள சாலையையே நிரப்பும். ஜெர்மனி நாட்டுச் சட்டம் இதனை நன்குணர்ந்தது. எதிர்வருவார் கண்ணைக் கூசுவிக்கும் முன்விளக்கு ஆங்கே ஏற்கப்படுவதில்லை.

அங்ஙனமாயின் எத்துணைத் தொலைவு தெரிதல் வேண்டும்? மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவிற் செல்வார் நொடிக்கு 5 மீட்டர் கடக்கின்றார். பள்ளத்தைக் கண்டு கை தடையைப் பற்றுதற்குள் ஏழெட்டு மீட்டரும், பற்றியபின் வண்டி நிற்றற்கு ஏறத்தாழ 4 மீட்டரும் கழியும். ஆகவே 15 அல்லது 20 மீட்டர் தெளிவாகத் தெரியின் எம்போல்வார்க்குப் போதும். அதற்கு 1000 லூமென் வேண்டுவதன்று. மேலும், ஒற்றை லித்தியம் மின்கலத்தில் அடங்குவது 10 வாட்-மணி அளவினதே. அத்துணைப் பேரொளிக்கோ 10 வாட் செலவாகும். ஒரு மணி நேரத்தில் இருள் சூழும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை!

மின்கலமே வேண்டாமெனின் டைனமோ உண்டு. டயரில் உராயும் பழைய வகை மழையில் வழுக்கும், கால்களுக்கும் சுமை. சக்கரத்தின் குடத்துள்ளே அமைந்த வகை 6 வோல்ட், 3 வாட் மின்சாரம் தந்து ஓசையின்றி உழைக்கும். இக்காலத்து விளக்குகள் பலவற்றில் மின்தேக்கி இருத்தலின், வண்டி நின்றாலும் ஒளி சில நிமிடம் நிற்கும். எமக்கும் ஆசைதான், மாணாக்கர் பைக்கு அதன் விலை எட்டவில்லை.

பின்விளக்கே உயிர்காப்பது என்பது எம் துணிபு. முன்னே உள்ள பள்ளத்தை மெல்லச் சென்று தவிர்க்கலாம். பின்னே வரும் லாரியை யாம் காண்பதேயில்லை. சிவப்புப் பிரதிபலிப்பான் ஒன்றே போதும் என்பார் உளர். பிறர் விளக்கு அதன்மேற் பட்டாலன்றி அஃது ஒளிராது. விளக்கற்ற வண்டிகள் நம் சாலைகளில் எத்தனை! மின்னி மின்னி அணையும் ஒளி கண்ணை விரைவில் ஈர்க்குமாயினும், தொலைவை மதிப்பிட நிலைத்த ஒளியே எளிது. பிரிட்டன் 2005 முதல் மின்னும் ஒளியை ஏற்றது, ஜெர்மனி ஏற்கவில்லை. யாம் நிலைத்த ஒளியையே கொண்டோம். புத்தகப்பையும் வேட்டி நுனியும் அதனை மறையாதபடி கட்டுதல் வேண்டும். மழைக்காலத்திற்கு ஐ.பி.எக்ஸ். 4 என்னும் குறியுள்ளதை வாங்குக; தெறிக்கும் நீரை அது தாங்கும்.

இனி, அந்த 1000 லூமென் விளக்கை எறிந்துவிடவில்லை. சுவரினின்று 5 மீட்டர் விலகி வண்டியை நிறுத்தி, ஒளியின் நடுவிடம் விளக்கின் உயரத்திற் பாதியளவில் விழுமாறு சாய்த்தோம். மிகக் குறைந்த ஒளிநிலையில் வைத்தோம். மேற்புறத்தே கறுப்புத் தகடொன்றைச் சிறு கூரையாகக் கட்டினோம். பார்வைக்கு அழகன்று, எம் வகுப்பார் நகைத்தனர்.

அம்முதியவர் இப்பொழுதும் அவ்வாய்க்காலருகே எதிர்ப்படுகின்றார். கையால் முகத்தை மறைப்பதில்லை. அவர் வண்டிக்கு விளக்கே இல்லாதிருந்தது. சென்ற திங்கள் மூவரும் காசு சேர்த்து வாங்கிய சிவப்பு விளக்கொன்றை அவருடைய பால்கேனின் பின்புறத்தே கட்டிக்கொடுத்தோம். பொத்தானை அழுத்தும் முறையை மட்டும் இருமுறை கேட்டுக்கொண்டார்.