டாக்டர் நியூயார்க்கில், ஆபரேஷன் பிரான்ஸில்!

அம்மி இங்கே, அரைக்கிற கை அடுத்த ஊரிலே என்றால் சிரிப்போம், இல்லையா? ஆனால் நோயாளி ஒரு கண்டத்திலும் டாக்டர் இன்னொரு கண்டத்திலுமாக ஓர் ஆபரேஷன் நடந்தே விட்டது!

2001-ம் வருஷம் செப்டம்பர் 7-ம் தேதி. பிரான்ஸிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகர ஆஸ்பத்திரியில் 68 வயதுப் பெண்மணி ஒருவர் மயக்க மருந்தில் படுத்திருந்தார். பித்தப்பையை எடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய டாக்டர் ஜாக் மாரெஸ்கோவோ, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூயார்க்கில், ஒரு திரைக்கு முன்னால்!

அவர் கைப்பிடிகளை அசைக்க, அந்த அசைவு கடலடி கேபிள் வழியே ஓடிவந்து 'ஜீயஸ்' என்ற ரோபோவின் கைகளை அசைத்தது. வயிற்றில் போட்ட சிறு துளை வழியே உள்ளே போன காமிரா, படத்தை அவருக்குத் திருப்பி அனுப்பியது. பித்தப்பையைப் பிரித்தெடுக்க 54 நிமிஷம். இரண்டே நாளில் அந்த அம்மாள் வீடு திரும்பிவிட்டார்!

"ஐயையோ, மெஷினா வயிற்றைக் கிழிக்கும்?" என்று பயப்படாதீர்கள். ஜீயஸுக்குச் சுயபுத்தி கிடையாது. டாக்டரின் கை அசைந்தால்தான் அதன் கையும் அசையும்.

உண்மையில் இதில் எதிரி தூரமல்ல, தாமதம்தான். வெளிநாட்டுக்குப் போன் பேசும்போது, சில சமயம் நாம் சொன்னது போய்ப் பதில் வரச் சற்று நேரமாகிறதே! பேச்சில் பரவாயில்லை. ரத்தம் கசிவது டாக்டர் கண்ணுக்குத் தாமதமாகத் தெரிந்தால் என்ன ஆகும்? அதனால் இதற்கென்றே கண்ணாடி இழை கேபிளில் தனி வழி ஒதுக்கினார்கள். டாக்டர் கையை அசைத்து, அது திரையில் தெரிய ஆன நேரம் 155 மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு!

சரி, நடுவிலே லைன் அறுந்தால்? அதற்காகவே நோயாளியின் பக்கத்தில் வேறு சர்ஜன்கள் தயாராக நின்றார்கள்.

2003-ல் கனடாவில், ஹாமில்டன் நகரிலிருந்தபடியே டாக்டர் மெஹ்ரான் அன்வரி, சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியுள்ள நார்த் பே ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு இப்படி ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். அங்கேயும் உள்ளூர் சர்ஜன்கள் கூடவே இருந்தார்கள். வீட்டையும் குழந்தைகளையும் விட்டுப் பெரிய ஊருக்கு அலைகிற கஷ்டம் நமக்குத் தெரியாதா என்ன? அந்த அலைச்சல் மிச்சமாவது பெரிய உபகாரம்தான்.

என்றைக்காவது நம் குடும்பத்தில் யாருக்காவது இப்படிச் செய்யலாம் என்றால், கையெழுத்துப் போடுமுன் தயங்காமல் கேளுங்கள்: "லைன் நின்றுபோனால் பக்கத்தில் எந்த டாக்டர் இருப்பார்? மீதி ஆபரேஷனை அவரே முடிப்பாரா?"