கருவிகளும் கைகளும்: தேய்வதற்கென்றே வைத்த வில்

சென்ற வாரம் கைக்கடிகாரத்தின் வில்லைப் பற்றி எழுதியபோது, ஒரு யந்திரத்தின் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் பெரிய உறுப்புகள் அல்ல, மறைவில் இருந்து உழைக்கும் சிறிய உறுப்புகளே என்று சொல்லி முடித்தேன். அந்த உண்மையை இன்னும் பிரத்யட்சமாகக் காட்டக்கூடிய ஒரு யந்திரத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று அங்கீகரித்து, 1985இல் பெரெட்டா கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் வரையில் தன் பிரதான கைத்துப்பாக்கியாக வைத்திருந்த, ‘1911’ என்று அந்த ஆண்டின் பெயராலேயே இன்றும் வழங்குகிற, .45 அளவுள்ள கோல்ட் துப்பாக்கிதான் அது.

அதைச் சிருஷ்டித்த ஜான் மோசஸ் பிரௌனிங், யூட்டா பிரதேசத்தின் ஆக்டன் நகரில், துப்பாக்கி செய்வதையே தொழிலாகக் கொண்ட தந்தைக்கு 1855இல் பிறந்தவர். 1926இல் பெல்ஜியத்தில், தமது பணியிடத்திலேயே உயிர் நீத்தவர். ராணுவத்தார் நடத்திய இறுதிப் பரீட்சையில் அவருடைய துப்பாக்கி 6,000 தோட்டாக்களை ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டுத் தீர்த்தது என்பது பிரசித்தமான செய்தி. அந்தச் சாதனையில், குழலுக்குக் கீழே யார் கண்ணிலும் படாமல் சுருண்டு கிடக்கும் ஒரு கம்பிக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் பலரும் நினைப்பதில்லை.

தோட்டா வெடித்ததும் குழலை மூடியிருக்கும் ஸ்லைடு என்னும் கனத்த எஃகுப் பகுதி வேகமாகப் பின்னோக்கிப் பாய்கிறது. அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு தான் ஒடுங்கி, வெற்றுக் கூடு வெளியே விழுந்தவுடன் ஒடுங்கிய பலத்தைக் கொண்டே ஸ்லைடை முன்னே தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றி வைப்பது அந்தச் சுருள்வில்லின் வேலை. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு விசையுடன் வில் எதிர்க்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் லண்டனில் வெளியிட்ட விதியே இங்கும் ஆட்சி செய்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான தடவை ஒடுங்கி விரிந்த கம்பி, நாளடைவில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும் சக்தியை இழந்துவிடுகிறது. அதன்பின் ஸ்லைடு அடங்காத வேகத்தோடு பின்னே சென்று அடிச்சட்டத்தில் மோதுகிறது. செருப்பு தேய்வதனால் கால் தேயாமல் இருக்கிறது. தேய்ந்த செருப்பை மாற்றாதவன் காலைத்தான் தேய்த்துக்கொள்கிறான். சொற்ப விலையுள்ள வில்லை உரிய காலத்தில் மாற்றுவது, விலை மதிப்புள்ள சட்டத்தைக் காப்பாற்றுவதற்கே ஆகும்.

அப்படிக் காப்பாற்றப் புறப்பட்டவரே அதற்கு ஊறு செய்துவிடுவதும் உண்டு. ஆகையால் முறையை நிதானமாகச் சொல்கிறேன். முதற்காரியம், தோட்டாக் கூட்டைக் கழற்றி அப்புறப்படுத்துவது. பிறகு ஸ்லைடை இழுத்துக் குழலின் உட்புறம் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு நிச்சயப்படுத்திக்கொள்வது. தோட்டாக்களை வேலை செய்யும் மேஜையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே வைக்காதிருப்பது. துப்பாக்கி விபத்துகளில் எத்தனையோ, காலி என்று நம்பிய துப்பாக்கியால் நேர்ந்தவை என்பதை மறக்கலாகாது.

அடுத்தபடியாக, குழலின் முன்வாய்க்குக் கீழே வில்லை அடக்கி நிற்கும் சிறு மூடியைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திக்கொண்டு, குழலைச் சுற்றியுள்ள புஷ்ஷைத் திருப்ப வேண்டும். திருப்பிய கணத்தில் வில்லின் முழு விசையும் அந்த மூடியின்மேல் வந்து நிற்கும். விரல் நழுவினால் அது அம்பைப் போலப் பாய்ந்து கண்ணைப் பறித்துவிடும். ஆதலால் கண்ணாடி அணிந்துகொண்டு, விரலை எடுக்காமலே மூடியை மெல்ல மெல்ல வெளியே வர விட வேண்டும். புஷ் இறுக்கமாக இருந்தால் அதற்கென்றே பிளாஸ்டிக்கில் செய்த சாவி கிடைக்கும். குறடால் பற்றித் திருகுவது பளபளப்பான எஃகின்மேல் பல்லைப் பதிப்பதாகும்.

பின்பு ஸ்லைடில் உள்ள சிறு வெட்டு, இடப்புறத்துத் தடுப்புக் கட்டைக்கு நேராக வரும்வரை இழுத்து, அதன் ஆணியை வலப்புறத்திலிருந்து விரலால் தள்ளினால் அது தானே வெளிவரும். ஸ்லைடு முன்னே கழன்று, பழைய வில்லும் கைக்கு வந்துவிடும். இதற்குச் சுத்தியலோ திருப்புளியோ வேண்டியதில்லை. போர்க்களத்தில் இருக்கும் சிப்பாய் வெறுங்கையால் பிரித்துச் சேர்க்க வேண்டும் என்ற கருணையோடு பிரௌனிங் இதை அமைத்திருக்கிறார்.

புதிய வில் பழையதைவிட நீளமாக இருப்பது இயல்பே. ஆனால் அதன் பலம் துப்பாக்கிக்கு உரியதுதானா என்று பார்த்துக்கொள்வது அவசியம். .45 அளவுள்ள முழு நீளத் துப்பாக்கிக்கு 16 பவுண்டு வில்லே வழக்கமானது. அதிக பலமுள்ள வில் அதிக க்ஷேமம் தரும் என்று எண்ணுவது பிசகு. மிதமிஞ்சிய பலமுள்ள வில், ஸ்லைடைப் பின்னே முழுதும் போக விடாமல் தடுப்பதோடு, முன்னே திரும்பும்போது வேண்டாத வேகத்தில் அறையவும் செய்யும்.

திரும்பச் சேர்க்கும்போதுதான் மிகப் பலர் தவறுகிறார்கள். தடுப்புக் கட்டையின் ஆணி, குழலுக்கு அடியில் தொங்கும் இணைப்புத் துண்டின் துவாரத்தினூடே செல்ல வேண்டும். கட்டையின் பின்முனையோ, சட்டத்தில் ஒரு சிறு வில்லின் பலத்தில் துருத்தி நிற்கும் முளையை உள்ளே தள்ளிக்கொண்டு தன் இடத்தில் அமர வேண்டும். முளை எதிர்க்கிறதே என்று கட்டையைச் சட்டத்தோடு அழுத்தி மேல்நோக்கித் திருகுகிறவர், அந்த வழவழப்பான நீல மெருகின்மேல் பிறைபோல ஒரு கீறலை இழுத்துவிடுகிறார். மறுபடி மெருகேற்றினாலன்றி அது மறையாது. இதைத் தவிர்ப்பது சுலபம். அந்த இடத்தில் முன்கூட்டியே ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிட்டு, ஆணியை ஏறக்குறைய முழுவதும் செருகி, ஸ்லைடின் வெட்டை நேராக நிறுத்தி, மெல்லிய மரக்குச்சியால் முளையை உள்ளே அழுத்திக்கொண்டு, கட்டையை நேராகத் தள்ளினால் போதும்.

எல்லாம் சேர்ந்தபின், தோட்டா இல்லாமலே ஸ்லைடைச் சில முறை இழுத்து விட்டு, அது தங்குதடையின்றிப் போய்வருகிறதா, பாதுகாப்புப் பூட்டுகள் தத்தம் கடமையைச் செய்கின்றனவா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

நன்றாக அமைக்கப்பட்ட யந்திரம் எந்த இடத்திலும் பலாத்காரத்தைக் கேட்பதில்லை. ஓர் உறுப்பு அசைய மறுத்தால், நாம் அதன் வழியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே பொருள். அப்போது கையை எடுத்துவிட்டு, இன்னொரு முறை உற்று நோக்குங்கள். அந்தப் பொறுமை உங்களிடம் இல்லாத நாளில் வேலையை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள். அல்லது தொழில் அறிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

(தொடரும்)