சென்னை எவ்வளவு தூரம்?



மாலை வேளையில் ஜெராம் கடற்கரையில் நின்று கதிரவன் மறைவதைக் கண்டிருப்பீர்கள். அத்திசையில் சற்றே வடக்காக, மலாக்கா நீரிணையையும் வங்காள விரிகுடாவையும் கடந்து சென்றால் தமிழ்நாட்டின் தலைநகராகிய சென்னையை அடையலாம். அது எவ்வளவு தொலைவில் உள்ளது?

வகுப்பிலுள்ள உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலைக் கோலாலம்பூரிலிருந்து சென்னை வரை இழுத்துப் பிடித்து அளவிடுங்கள். பின்னர் நிலநடுக்கோட்டைச் சுற்றி அளந்து பாருங்கள். முதல் நூல் இரண்டாவதில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு இருக்கும். நிலநடுக்கோட்டின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். ஆகவே, இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு சுமார் 2,600 கிலோமீட்டர் ஆகும்.

பயணிகள் விமானம் உயரே சென்றபின் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அக்கணக்கின்படி மூன்று மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால், பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடிக்கிறது.

இங்கே ஒரு விந்தை உண்டு. சிப்பாங் விமான நிலையத்திலிருந்து காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு, நான்கு மணி நேரம் பறந்து சென்னையில் இறங்கினால், அங்குள்ள கடிகாரம் 11.30 எனக் காட்டும்! நம் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியிருப்பதே காரணம். முன்பு இவ்வேறுபாடு இரண்டு மணியாக இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காக, 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன.

இனி, நம் முன்னோர் வந்த வழியைக் காண்போம். 1926ஆம் ஆண்டு கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே பல்லாண்டுகள் ஓடியது. அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர். பினாங்கிற்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கடலைக் கடக்க மட்டுமே நான்கு நாள்களுக்கு மேலாகும். துறைகளில் தங்கும் நேரத்தையும் சேர்த்தால் பயணம் ஒரு வாரத்தை நெருங்கிவிடும். கப்பற் கட்டணத்தைச் சேர்ப்பதற்கோ ஆண்டுகள் பிடித்தன.

என் பாட்டனாரும் அவ்வாறு வந்தவரே. ஊரில் அவருடைய தாயார் இறந்த செய்தி கடிதமாக வந்து சேர்ந்தபோது, அங்கே பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் விடியலில் வழக்கம்போல் பால்மரம் வெட்டச் சென்றாராம். அதன்பின் அவர் ஊருக்குப் போகவே இல்லை.

தொலைவு அன்றும் இன்றும் ஒன்றே. கடக்கும் காலமே குறைந்துள்ளது.

விடுமுறையில் ஒரு பணி செய்யுங்கள். உங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்று வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நிலப்படத்தில் அவ்வூரைத் தேடி, நூலால் தொலைவை அளந்து பாருங்கள். ஊரின் பெயரே மறந்துபோனால், எத்துணை விரைவான விமானமும் நம்மை அங்கே கொண்டு சேர்க்க இயலாது.