உஷார்! ஸ்டீராய்டு மாத்திரையோடு கிரிவலம் போகிறவர்களே...

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிளம்புகிறீர்களா? ஹைட்ரோகார்ட்டிசோனோ பிரெட்னிசோலோனோ தினமும் சாப்பிடுகிறவராக இருந்தால், பையில் முதலில் போக வேண்டியது மாத்திரை அட்டை. "விரதம், மாத்திரையெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டு வந்தால் உயிருக்கே உலை.

சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது இதுதான். நள்ளிரவில் இதன் அளவு அடிமட்டம். விடியற்காலை 3 மணிவாக்கில் ஏறத் தொடங்கி, நாம் எழுந்திருக்கும் வேளையில் உச்சம். 1855-ல் தாமஸ் அடிசன் எழுதிவைத்த நோயில் இந்தச் சுரப்பியே பழுதாகிவிடுகிறது. நம் நாட்டில் காசநோய் இன்றைக்கும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிரசவத்தில் ரத்தம் கொட்டியதால், அட்ரீனலுக்கு உத்தரவு போடும் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போன பெண்களுக்கும் இதே கதிதான்.

இவர்களுக்கு மாத்திரைதான் கார்ட்டிசால். பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், இரண்டு மூன்று வேளையாக. கண் விழித்ததும் பெரிய பங்கு, மத்தியானம் சின்னது. ராத்திரியில் கிடையாது, போட்டால் தூக்கம் கெடும். ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மத்தியானம் 3 மணிக்குப் போட்டது ராத்திரி 2 மணிக்கு ஏறக்குறைய காலி.

வீட்டில் படுத்திருப்பவருக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் அதே 2 மணிக்கு நீங்கள் வெறும் வயிற்றோடு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதி நடந்து முடித்திருப்பீர்கள்! கடுமையாக உழைக்கும்போது உடம்பு கூடுதல் கார்ட்டிசாலைக் கேட்கும். கொடுக்கச் சுரப்பி இல்லை. ஆகவே, நடக்கப் போகும் ராத்திரிக்குக் கூடுதல் டோஸ் வேண்டுமா, எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள்.

உப்பில்லா விரதமா? அடிசன் நோயாளிகள் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். அவர்கள் உடம்பு ஏற்கெனவே சிறுநீரில் உப்பை இழக்கிறது, நடந்தால் வியர்வையில் இன்னும் போகும்.

கிரிவலப் பாதையில், செங்கம் ரோட்டு ஓரத்தில் ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? "பட்டினி மயக்கம்" என்று சோடா உடைத்துக் கொடுப்பார்கள், விசிறுவார்கள். அவர் ஸ்டீராய்டு நோயாளி என்றால் அந்த நிமிடங்கள் பொன்னானவை. வாந்தியில் மாத்திரை தங்காது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிதான் வழி. 108-ஐக் கூப்பிட்டு, "ஸ்டீராய்டு சாப்பிடுறவர்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சட்டைப்பையிலேயே ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தால், நினைவு தப்பினாலும் சீட்டு பேசும்.

எனக்குப் பெரிய பயம் வேறு ஒரு கூட்டத்தைப் பற்றி. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறவர்கள். மூன்று நான்கு வாரம் தாண்டினாலே சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். ஆனால் தாங்கள் ஹார்மோன் நோயாளி என்பதே இவர்களுக்குத் தெரியாது. கார்த்திகை தீபத்துக்கு மாலை போட்ட கையோடு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லி.

தைராய்டு மாத்திரைக்காரர்கள் இவ்வளவு பதற வேண்டாம். தைராக்ஸின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஒரு காலை தவறினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. காபி, சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இருந்தால் போதும். ஆனால் அட்ரீனலும் பழுது என்றால், ஸ்டீராய்டைத் தொடங்காமல் தைராக்ஸினை மட்டும் தொடங்குவது ஆபத்து: இருக்கிற கொஞ்ச கார்ட்டிசாலையும் அது வேகமாகத் தீர்த்துவிடும்.