எண்ணப்பட்ட மணித்துளிகள்

குடல் துளைபட்டு நள்ளிரவில் மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு வயிற்றைத் திறந்து செய்யும் அவசர அறுவையே உயிர்காக்கும் வழியாகும். நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு உள்ள அவகாசம் இதற்கில்லை. குடலிலிருந்து கசியும் கிருமிகள் உடலெங்கும் நஞ்சைப் பரப்புவதால், தாமதம் நீள நீளப் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது.

பிரித்தானிய மருத்துவமனைகள் 35இல் இவ்வறுவைக்கு உள்ளான 1,853 பேரைக் கணக்கெடுத்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. அவர்களுள் 14.9 விழுக்காட்டினர் 30 நாள்களுக்குள் இறந்திருந்தனர். இச்சராசரியினும் அதனுள் மறைந்திருந்த வேறுபாடே அதிர்ச்சி தந்தது. ஒரு மருத்துவமனையில் இறப்பு 3.6 விழுக்காடு, மற்றொன்றிலோ 41.7!

இரண்டாவதைத் தரங்குறைந்தது என உடனே முடிவுகட்டுதல் பிழை. அங்கு வந்தோர் முதியோராகவும் நோய் முற்றியோராகவும் இருந்திருக்கலாம். எண்ணிக்கை சிறிதெனில் ஓரிரு இறப்புகளே விழுக்காட்டை உயர்த்திவிடும். எனவே, இறப்பை மட்டும் எண்ணினால் போதாது என்பது தெளிவாயிற்று.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2013 டிசம்பரில் தொடங்கிய தேசியத் தணிக்கை, நோயாளியின் ஒவ்வொரு கட்டத்தையும் பதிவுசெய்தது. அவர் வந்த நேரம் எது? சிடி ஸ்கேன் அறிக்கை அறுவைக்குமுன் கிடைத்ததா? இறப்பு அபாயம் முன்கூட்டியே கணிக்கப்பட்டதா? அறுவை அரங்கில் மூத்த அறுவை மருத்துவரும் மூத்த மயக்கவியல் மருத்துவரும் உடனிருந்தனரா? பின்னர்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைத்ததா? அகவையும் நோயின் கடுமையும் சேர்த்துக் கணிக்கப்பட்ட பின்னரே மருத்துவமனைகள் ஒப்பிடப்பட்டன.

இரவெல்லாம் விழித்த மருத்துவருக்குப் படிவம் நிரப்புவது சுமையே. இறந்தோரின் படிவம் விடுபட்டால் மருத்துவமனை சிறந்ததாகத் தோன்றிவிடும் இடரும் உண்டு. இதனால் பதிவான எண்ணிக்கை, மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடுகளுடன் ஒப்பிடப்பட்டது. இறப்பு விவரமோ அரசின் இறப்புப் பதிவுகளிலிருந்தே பெறப்பட்டது.

2013இல் 11.8 விழுக்காடாக இருந்த 30 நாள் இறப்பு, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 9.5 ஆகக் குறைந்தது. இக்குறைவு முழுவதும் தணிக்கையால் விளைந்ததெனக் கூறவியலாது. ஆயினும் தாமதம் எங்கே நேர்கிறது என்பதை மருத்துவமனைகள் தம் எண்களிலேயே கண்டன.

தொடக்க ஆண்டுகளில் அறுவை அரங்கிற்குள் சென்றோர் மட்டுமே இக்கணக்கில் இடம்பெற்றனர். அறுவையைத் தாங்கமாட்டார் எனக் கருதப்பட்டோரும் வேண்டாமென மறுத்தோரும் அதற்கு வெளியே நின்றனர்.